குழாயின் சுவர் எவ்வளவு மிச்சம்?

2014 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், தாட்டிபாக்கவை ஒட்டியுள்ள நகரம் என்ற கிராமம். பொழுது புலர்ந்தும் புலராத ஐந்தரை மணி வாக்கில், மண்ணுக்கடியில் போகும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கசிந்து, வாயு ஊரெங்கும் பரவியிருந்தது. எங்கோ ஒரு பொறி. வீடுகளும் கடைகளும் தென்னந்தோப்பும் ஒருசேரப் பற்றிக்கொண்டன. 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் பாயைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. வாயுக் கசிவு பற்றி முன்பே சொன்னோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஊர்க்காரர்கள் பிறகு புலம்பினார்கள்.

விபத்துக்குப் பிறகு பெட்ரோலியத் துறை நடத்திய விசாரணையில் வெளிவந்த விஷயம் எளிமையானது. அதனாலேயே கோபம் வரவழைப்பது. 18 அங்குல விட்டமுள்ள அந்தக் குழாய், ஈரம் நீக்கிய வாயுவைக் கொண்டுசெல்லவென்று போடப்பட்டது. ஆனால் அதில் ஓடியதோ தண்ணீரும் கழிவு நீர்மங்களும் கலந்த ஈர வாயு. ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பு வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. எரிவாயுவோடு வரும் கரியமில வாயு, ஈரமில்லாதவரை எஃகை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கரைந்தால் அமிலமாகிவிடும். அந்தத் தண்ணீர் குழாயின் அடிவயிற்றில், பள்ளமான இடமாகப் பார்த்துத் தேங்கும். தேங்கிய இடத்தில் எஃகு உள்ளிருந்து கரையத் தொடங்கும். வெளியே பூசிய கோட்டிங்கும், துருவைத் தடுக்கச் செலுத்தும் மின்சாரமும் வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். உள்ளே நடப்பது அவற்றுக்குத் தெரியாது.

இப்படி ஒரு விபத்து நடந்தவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, “ஆய்வு செய்தார்களா?” என்பது. நிறுவனம் ஒரு தேதியைச் சொல்லும். அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கேள்வி போதாது என்பதே என் வாதம். எந்தக் கருவியை உள்ளே விட்டார்கள், அது எந்த மாதிரிக் குறையைக் காணக்கூடியது, எதைக் காணாது என்று கேட்க வேண்டும். தவறான கருவியால் ஆய்வு செய்த குழாய், ஆய்வே செய்யாத குழாயைவிட ஆபத்தானது. ஆய்வு செய்தாயிற்று என்ற நிம்மதி கூடவே வந்துவிடுகிறதே!

இதைப் புரிந்துகொள்ள, எஃகுச் சுவரின் கனத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குழி தோண்டி, குழாயின் மேல்பூச்சைச் சுரண்டி, பளபளவென்று எஃகு தெரியும்படி தேய்த்துவிட்டு, ஒரு சொட்டு ஜெல் வைத்து, கட்டைவிரல் அளவுள்ள புரோபை அதன்மேல் அழுத்துவார் தொழில்நுட்பர். கையில் உள்ள சின்னத் திரையில் 9.5 என்று எண் விழும். மில்லிமீட்டர். நம் காதுக்கு எட்டாத மீயொலி, விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுகளோடு எஃகுக்குள் போய், மறுபக்கச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. எஃகில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர். ஆக 9.5 மி.மீ. சுவரில் போய்வர ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் மூன்றேகால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அரிப்பால் 3 மி.மீ. கரைந்துபோயிருந்தால் எதிரொலி அதில் ஒரு பங்கு முன்னதாகவே வந்துவிடும். அந்த ஒரு பங்கைத்தான் கருவி பிடிக்கிறது. புரோபைச் சாய்த்துவைத்து ஒலியைச் சரிவாக அனுப்பினால் விரிசலின் விளிம்பில் பட்டும் எதிரொலி வரும்.

இந்த உத்தி புதிதல்ல. லெனின்கிராடில் செர்கேய் சோகலோவ் 1920களின் இறுதியிலேயே, உலோகத்துக்குள் உள்ள குறையை ஒலியால் காணலாம் என்று சொல்லிவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1940களில் எதிரொலி முறைக்குக் காப்புரிமை பெற்றார். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் கருவியின் முன்னோடிகளில் ஒன்று, இப்படி இரும்பைச் சோதிக்க வந்த கருவிதான்.

ஸ்கேன் அறையில் வயிற்றின்மேல் சில்லென்று ஜெல் தடவுவார்களே, எரிவாயுக் குழாயின் சிக்கல் முழுவதும் அந்த ஜெல்லில்தான் இருக்கிறது. புரோபுக்கும் உடலுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் ஒலி உள்ளே போகாது. எஃகில் இது இன்னும் மோசம். தண்ணீரிலிருந்து எஃகுக்குள் ஒலி ஆற்றலில் சுமார் எட்டில் ஒரு பங்கு நுழையும். காற்றிலிருந்து நுழைவது லட்சத்தில் மூன்று நான்கு பங்குதான். மீதி அத்தனையும் வாசலிலேயே திரும்பிவிடும். உயர் அழுத்தத்தில் உள்ள எரிவாயுவில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனால் வேலைக்கு ஆகிற அளவுக்கு இல்லை.

கச்சா எண்ணெய், டீசல் குழாய்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. உள்ளே ஓடும் எண்ணெயே ஜெல்லின் வேலையைச் செய்துவிடும். துறையினர் ‘பிக்’ என்று அழைக்கும் கருவியை ஒரு முனையில் உள்ளே விட்டால், நூற்றுக்கணக்கான மீயொலிப் புரோப்களைச் சுமந்துகொண்டு எண்ணெயோடு எண்ணெயாக மிதந்துபோய், ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் சுவரின் கனத்தைக் குறித்துக்கொண்டு மறுமுனையில் வந்து விழும். எரிவாயுக் குழாயில் இதையே செய்ய வேண்டுமானால், இரண்டு பிக்குகளுக்கு நடுவே தண்ணீரையோ டீசலையோ அடைத்து, அந்த நீர்ப்பொதிக்குள் கருவியை வைத்துத் தள்ள வேண்டும். செய்திருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளருக்கு வாயு போவது தடைபடும். மேடு பள்ளங்களில் நீர்ப்பொதி கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தபிறகு குழாயைச் சொட்டு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். உலர்த்துவதில் கோட்டைவிட்டால், அரிப்பைத் தேடப்போன ஆய்வே அரிப்புக்கு விதை போட்டதாகிவிடும்.

அதனால்தான் எரிவாயுக் குழாய்களில் உலகெங்கும் 1960களிலிருந்து காந்தப் பிக்கின் ராஜ்யம். வலுவான காந்தங்கள் குழாய்ச் சுவரைக் காந்தமேற்றிக்கொண்டே போகும். சுவர் மெலிந்த இடத்தில் காந்தப் புலம் எஃகுக்குள் அடங்காமல் வெளியே கசியும். அந்தக் கசிவை உணரிகள் குறித்துக்கொள்ளும். ஜெல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அழுக்கையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்தியாவிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து இந்த வகைப் பிக்கை உருவாக்கியிருக்கின்றன.

இந்த வேலையை அருகிலிருந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். பிக் போகும் வழியில் ஆங்காங்கே வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் குழாய்க்கு நேர் மேலே அடையாளப் பெட்டியை வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள், பெரும்பாலும் நள்ளிரவில். கீழே டன் கணக்கில் எடையுள்ள இயந்திரம் நடையைவிடக் கொஞ்சம் வேகமாக உருண்டுபோவதை உணரி பிடித்ததும் நேரத்தைக் குறிப்பார்கள். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட்டம். மறுமுனையில் கதவைத் திறக்கும்போது முதலில் தண்ணீர் அடிப்பார்கள். பிக் வழித்துக்கொண்டு வரும் கறுப்புத் தூளில் இரும்பு சல்ஃபைடு இருக்கும்; காற்றுப் பட்டால் அது தானாகவே கனன்று எரியக்கூடியது. முனையத்தில் வேலை செய்பவர்கள் எதற்குப் பயப்படுவார்களோ இல்லையோ, அந்தக் கறுப்புத் தூளுக்குப் பயப்படுவார்கள்.

காந்தப் பிக்கின் குருட்டுப் புள்ளி எது? குழாயின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசல். அரிப்பில் உலோகம் காணாமல் போகிறது. காந்தத்துக்கு அது தெரியும். விரிசலில் உலோகம் காணாமல் போவதில்லை, பிளக்கிறது, அவ்வளவுதான். காந்தப் புலம் ஓடும் திசையிலேயே பிளவும் ஓடுவதால், வழக்கமான காந்தப் பிக் அதன்மேலேயே ஏறிப்போனாலும் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் குழாயைப் பிளக்கப் பார்ப்பதும் இதே நீளவாக்கில்தான் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்கும். மேல்பூச்சு உரிந்த இடத்தில் மண்ணின் ஈரமும் எஃகின் இழுவிசையும் கூட்டுச் சேர்ந்து இத்தகைய விரிசல்களைக் கூட்டம்கூட்டமாக உண்டாக்கும். 1965இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலம், நாக்கிடோஷ் நகருக்கு அருகே ஒரு எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தபோதுதான் இந்த நோய் துறையினர் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது. 1968இல் அந்நாட்டில் எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்ததற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

விரிசலைப் பிடிக்க ஒலிதான் வேண்டும். ஜெல் இல்லாமல் ஒலியை எஃகுக்குள் எப்படி ஏற்றுவது? இதற்கு இயற்பியலாளர்கள் கண்ட வழி அழகானது. ஒலியை வெளியே உண்டாக்கி உள்ளே தள்ளுவானேன், எஃகுக்குள்ளேயே உண்டாக்கிவிட்டால் என்ன? காந்தத்தையும் கம்பிச்சுருளையும் குழாய்ச் சுவருக்கு மிக அருகில் கொண்டுபோய்ச் சுருளில் மின்துடிப்பை அனுப்பினால், எஃகின் மேற்பரப்பில் மின்னோட்டம் தூண்டப்படும். காந்தப் புலத்தில் அந்த மின்னோட்டம் விசைக்கு உள்ளாகும். எஃகு தானே அதிரும். அந்த அதிர்வுதான் ஒலி. எதிரொலியையும் இதே முறையில் தலைகீழாக வாங்கிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘இமேட்’ என்கிறார்கள். இந்த உணரிகளைத் தாங்கிய பிக்குகள் எரிவாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழமும் 40, 50 மி.மீ. நீளமும் உள்ள விரிசலைக் காட்டிக்கொடுக்கின்றன. மேல்பூச்சு உரிந்திருக்கும் இடத்தையும் சொல்லிவிடும். இதன் குறை, திரும்பி வரும் குரல் மிகச் சன்னமானது. உணரி சுவரைவிட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலே தடுமாறும்; வேகமாகப் போகவும் முடியாது; கட்டணமும் கூடுதல். அதனால், அவசியமான இடத்திலும் இதைத் தவிர்க்க நிறுவனங்களுக்கு ஒரு சாக்கு எப்போதும் கையில் இருக்கிறது.

சான் புருனோ விபத்து இங்கேதான் வருகிறது. 2010 செப்டம்பர் 9 மாலை, கலிஃபோர்னியாவின் அந்தச் சிறு நகரில் பி.ஜி. அண்டு இ. நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய் வெடித்தது. 8 பேர் பலி. 38 வீடுகள் தரைமட்டம். வாயுவை நிறுத்த 95 நிமிடம் பிடித்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்ததில் அம்பலமானது இது: 1956இல் புதைத்த அந்தப் பகுதி, ஆவணங்களின்படி நீளவாக்கில் மூட்டே இல்லாத குழாய். தோண்டி எடுத்துப் பார்த்தால் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நீளவாக்கில் அரைகுறையாக வெல்டிங் செய்த குழாய். அரைநூற்றாண்டுக்கு மேலாக அது தாக்குப்பிடித்ததே அதிசயம்.

நிறுவனம் அதை ஆய்வு செய்யாமலா விட்டது? செய்தது. அந்தக் குழாயில் பிக் போக வழியில்லை என்பதால், தரைக்கு மேலிருந்தபடியே மின் அளவீடுகளைக் கொண்டு வெளிப்புற அரிப்பைக் கணிக்கும் முறையைக் கையாண்டது. விதிகள் அனுமதித்த முறைதான் அது. ஆனால் அந்த முறையால் வெல்டிங் குறையைக் காண முடியாது. காணும் என்று யாரும் சொல்லவும் இல்லை. படிவத்தில் ‘ஆய்வு முடிந்தது’ என்று பதிவானது. வெல்டிங்கில் இருந்த பிளவு அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை. 2015இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம், பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கும் விசாரணைக்கு இடையூறு செய்ததற்கும் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 2000 ஆகஸ்ட் 19 அன்று நடந்த குழாய் வெடிப்பு, நகரம் கிராமத்து விபத்துக்கு இன்னும் நெருக்கம். அங்கும் விடியற்காலை ஐந்தரை மணி. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கிய 12 பேர், பிள்ளைகள் உட்பட, பலி. அங்கும் குழாய்க்குள் தேங்கிய ஈரமும் அழுக்கும் உள்ளிருந்து அரித்திருந்தன. வெடித்த பகுதியில் பிக் போக வசதியே இல்லை.

அமெரிக்கா இந்த விபத்துகளிலிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது என்று சொல்லவரவில்லை. கற்றிருந்தால் கார்ல்ஸ்பாடுக்குப் பிறகு சான் புருனோ எதற்கு? ஆனால் அங்கே ஒரு காரியம் நடக்கிறது. எரிவாயுக் குழாய் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு எத்தனை மைல் ஆய்வு செய்தாய், அதில் அரிப்பைக் காணும் கருவியால் எத்தனை மைல், நெளிவைக் காணும் கருவியால் எத்தனை, விரிசலைக் காணும் கருவியால் எத்தனை, பிக் போக முடியாத தூரம் எவ்வளவு என்று தனித்தனியாக. அந்தக் கணக்கு பொதுவெளியில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

நம் நிலைமைக்கு வருவோம். 2013இல் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விவசாயிகள் கெயில் குழாய்க்கு எதிராகத் திரண்டார்கள். நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்றது அன்றைய மாநில அரசு. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. குழாய் எந்த வழியில் போக வேண்டும் என்பதைச் சுற்றியே அத்தனை விவாதமும் நடந்தது. புதைத்த பிறகு அதன் உடம்பை யார், எதைக் கொண்டு பார்ப்பார்கள், பார்த்ததை யாரிடம் சொல்வார்கள் என்ற கேள்வி பெரிதாக அடிபட்டதாக நினைவில்லை. விவசாயச் சங்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயி பேரிலேயே இருக்கும். நிறுவனத்துக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. பதிலுக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம், அதோடு பயிர்ச் சேதத்துக்கு ஈடு. நிலவரி, உழவு, அபாயம் எல்லாம் அவர் கணக்கு. அடியில் ஓடும் குழாயின் சுவர் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. டெல்டாவில் இந்தக் கவலை பழையது. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தேங்கியபோது, நியாயம் கேட்ட ஊர்மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் வழக்கும்.

விதிமுறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் எரிவாயுக் குழாய்களின் உறுதிப்பாட்டு மேலாண்மைக்கென்று 2012இலேயே விதிமுறைகள் வகுத்தது. குழாய்க்கு என்னென்ன ஆபத்து என்று நிறுவனம் பட்டியலிட வேண்டும், அதற்கேற்ப ஆய்வுமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் அந்த விதிமுறைகள் நடப்பில் இருந்தபோதுதான் நகரம் கிராமம் எரிந்தது. நிறுவனமும் வாரியமும் தமக்குள் காகிதம் பரிமாறிக்கொள்வதோடு விஷயம் நின்றுபோனால், ஈர வாயு ஓடுகிறதே என்று கேட்க மூன்றாவது ஆள் இல்லாமல் போகிறது.

திறமைக்கும் இங்கே பஞ்சமில்லை. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலை பாகங்களைச் சிதைக்காமல் சோதிப்பதில் பல ஆண்டு அனுபவமுள்ள விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் சிதைவில்லாச் சோதனைக்கென்றே தனி மையம் இருக்கிறது. குழாயைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, சுவர் வழியே இரு பக்கமும் பல மீட்டர் தூரத்துக்கு ஒலியை ஓடவிட்டுக் குறை காணும் முறையை லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 1990களில் வளர்த்தெடுத்தார்கள், அதிலும் ஐ.ஐ.டி. மையம் ஆழமாக வேலை செய்திருக்கிறது. பிக் நுழைய முடியாத சாலைக் கடப்புகளுக்கும் நகர்ப்புறக் குழாய்களுக்கும் இது கைகொடுக்கும். பிக்கைப் போலச் சுவரின் கனத்தை அங்குலம் அங்குலமாகச் சொல்லாது. எங்கே தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டும். ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்தபிறகு, திருவள்ளூரிலிருந்து தூத்துக்குடிவரை குழாய்கள் நீள்கின்றன. வீட்டு அடுப்புக்கும் வாகன எரிபொருள் நிலையங்களுக்கும் வாயு கொண்டுபோகும் எஃகுக் குழாய்கள் ஊர்ச் சாலைகளுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. எரிவாயு வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். லாரியில் சிலிண்டர் வருவதைவிடக் குழாய் பாதுகாப்பானது என்றுதான் நினைக்கிறேன். பிக் விடும் வசதி, பிக் திரும்பக்கூடிய வளைவு, முழு விட்டத்துக்கும் திறக்கும் வால்வு ஆகியவற்றைப் புதைக்கும்போதே வைத்துவிட்டால் செலவு சொற்பம். பின்னால் தோண்டி மாற்றுவதென்றால் யாரும் செய்யமாட்டார்கள்.

ஒழுங்குமுறை வாரியம் செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற விதிமுறைகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு குழாய்க்கும் மாவட்டவாரியாகக் கடைசி ஆய்வு எப்போது, காந்தமா ஒலியா எந்தக் கருவி, அது தேடியது அரிப்பையா விரிசலையா, பிக் போகாத தூரம் எத்தனை கிலோமீட்டர், கண்டுபிடித்த குறைகளில் எத்தனை இன்னும் சரிசெய்யப்படவில்லை என்ற விவரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வெளிவர வேண்டும். தமிழ்நாட்டில் அவை அந்தந்தக் கிராமசபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும்.

நாசவேலைக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும் என்று நிறுவனங்கள் சொல்லும். குழாய் போகும் வழி நெடுக மஞ்சள் பலகை நட்டு, ‘இங்கே தோண்டாதே’ என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டிருப்பது அவர்கள்தான். மக்கள் பீதியடைவார்கள் என்பது அடுத்த சாக்கு. கோதாவரிக் கரையில் கசிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏற்கெனவே பயம் இருந்தது. அவர்களிடம் இல்லாதிருந்தது, சுவரின் கனம் எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள்.